மூடுபனிப் பதிவாளர்

“மேடைக்குப் போகும் எந்தப் பிரதியிலும், திருத்தத்திலும், புதுச் சேர்க்கையிலும் சங்க உறுப்பினர் எவரும் அடையாளம் காணப்படும்படி குறிப்பிடப்படலாகாது. ஒவ்வொரு தாளும் செயலாளரின் சுருக்கொப்பமும் நேரமும் இடப்பட்ட பின்னரே மேடைக்குச் செல்ல வேண்டும்.”

எங்கள் சங்க யாப்பின் பதினான்காம் பிரிவு. எழுதியவன் நான். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் ஏழு வருடமும், பிறகு மொன்றியல் டவுன்டவுனில் ஓர் அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவில் இருபத்தாறு வருடமும் இருந்தவன் ஓய்வு பெற்றபின் வேறு என்ன எழுதுவான்? சங்கத்தில் கவிதை எழுத ஏற்கனவே ஆட்கள் நிறைய இருந்தார்கள். விதி எழுதத்தான் ஆள் இல்லை.

இந்தப் பிரிவு யாரை மனதில் வைத்து எழுதப்பட்டதோ, அவரைப் பற்றியதுதான் இது. பெயர் வேண்டாம். எல்லோரும் அவரை டிரெக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே வந்து ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபது வருடம் கரட் வெட்டியவர். இரண்டையும் ஒரே அலட்சியத்துடன் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அருவருப்பானது, முதலில் அவருடைய பெருவிரல். எந்தத் தாளைப் புரட்டினாலும் அந்த விரலை நாக்கில் தொட்டுக்கொண்டுதான் புரட்டுவார். மற்றவருடைய தாளானாலும் அப்படித்தான். ஒரு முறை என்னுடைய கூட்டக் குறிப்புப் புத்தகத்தை வாங்கி ஆறு பக்கம் புரட்டினார். ஆறு மூலையிலும் ஈரம். அன்று வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்தை ஹீட்டருக்கு மேலே விரித்து வைத்தேன். காய்ந்த பிறகும் மஞ்சள் வட்டங்கள் போகவில்லை. அவர் கையிலிருந்து வந்த எந்தக் காகிதத்தையும் இடது மேல் மூலையைப் பார்த்தே இன்னாருடையது என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது, ஒரு சொல். பகிடி.

சங்கத்தில் மனைவியை இழந்த ஒரு வயதானவர் இருந்தார். கண்ணில் சத்திரசிகிச்சை, காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். “நான் வந்து ஏத்துறன், நீங்கள் கீழ நில்லுங்கோ” என்று டிரெக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஜனவரி மாதம். மனிதர் பையுடன் கட்டட வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறார். டிரெக்டர் வரவில்லை. சத்திரசிகிச்சை மூன்று மாதம் தள்ளிப் போனது. அடுத்த சனிக்கிழமை கேட்டதற்கு, “அதை நீங்கள் மெய்யெண்டு எடுத்திட்டியளே? நான் பகிடிக்கல்லோ சொன்னனான்” என்றார். அதோடு விட்டாரா? அந்த மனிதர் குளிரில் எப்படி நின்றிருப்பார், பையை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாற்றியிருப்பார் என்று நடித்துக் காட்டினார். நன்றாகத்தான் நடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வயதானவரும் சிரித்தார், பாவம், வேறென்ன செய்வார்.

கொடுத்த வாக்கு நினைவுபடுத்தப்படும் நேரத்தில் அது பகிடியாகிவிடும். சொன்ன குத்தல் வலிக்கும் நேரத்தில் அதுவும் பகிடியாகிவிடும். வலித்தவனுக்குப் பகிடி விளங்காது என்று முடியும். முறைப்பாட்டுப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தும் இவ்வளவு சிக்கனமான தற்காப்பை நான் கண்டதில்லை.

அப்படிப்பட்டவருக்கென்றே எழுதப்பட்டது போல ஒரு நாடகம் அவர் கையில் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நகைச்சுவை ஓபரா. படிப்பித்த பள்ளிக்கூடத்து நூலகத்திலிருந்து எடுத்து வந்தாராம். திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். “நூலகமே எரிஞ்சு போச்சு ஐசே, நான் எடுத்ததாலதான் இது மிஞ்சினது” என்றார். அது உண்மையா பகிடியா என்று இன்றுவரை தெரியாது.

கதை இதுதான். ஒரு கடலோரப் பட்டினம். வருடத்தில் பாதி நாள் மூடுபனி. மூடுபனியில் ஆளை ஆள் தெரியாது என்பதால், அங்கே ஒரு சட்டம்: மூடுபனி நேரத்தில் சொன்ன எந்தச் சொல்லும் செல்லாது. அதனால் அந்த ஊர் ஆண்களெல்லாம் மூடுபனி இறங்கும்வரை காத்திருந்து காதல் சொல்கிறார்கள். எந்த மணிக்குப் பனி மூடியிருந்தது, எந்த மணிக்கு விலகியது என்று சான்றிதழ் கொடுக்க ஓர் அரச அதிகாரி இருக்கிறார்; மூடுபனிப் பதிவாளர். கலங்கரை விளக்கக்காரனின் மகளிடம் மூன்று பேர் மணம் பேசிவிட்டு, அவளுக்குச் சீதனம் இல்லை என்று தெரிந்ததும் பதிவாளரிடம் ஓடிப்போய் அப்போது மூடுபனி இருந்ததாகச் சான்றிதழ் வாங்குகிறார்கள். இரண்டாம் அங்கத்தில் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு கப்பல் சொத்தாக வருகிறது. மூன்று பேரும் திரும்ப ஓடிவந்து அன்று வானம் தெளிவாக இருந்ததாகச் சான்றிதழ் கேட்கிறார்கள். கடைசியில் பதிவாளர் பதவிச் சத்தியம் செய்ததே மூடுபனியில்தான் என்று தெரியவருகிறது. ஆகவே அவர் பதிவாளரே இல்லை. அவர் கொடுத்த சான்றிதழ் ஒன்றும் செல்லாது. அவளோ கப்பலுக்கு ஆபத்து அறிவிக்கும் கொம்பை ஊதுகிறவனைக் கட்டிக்கொள்கிறாள். பனி நேரமெல்லாம் வாயில் கொம்பு இருந்ததால் அவன் ஒருவன்தான் அவளிடம் பொய் சொல்லாதவன்.

அருவருப்பிலும் நேர்மை வேண்டும். டிரெக்டர் அந்த ஓபராவைத் தமிழில் அருமையாகச் செய்தார். ஆங்கிலப் பாட்டில் அடியின் வாலில்தான் ஓசை ஒன்றும். எங்களுக்கு அடியின் தலையில் ஒன்றவேண்டும். வாலைத் தலையாக மாற்றுவது லேசான வேலையில்லை. ஆங்கிலத்தில் பதிவாளர் மூச்சு விடாமல் பாடும் பாட்டு ஒன்று, நாக்கு சுளுக்கும் வேகத்தில் வரும். அதை அவர் இப்படி ஆக்கியிருந்தார்:

மூட்டமென்றால் மூன்று வகை, முத்திரையோ நான்கு வகை,
கேட்டதெல்லாம் கேளாத வகை, கிடைத்ததெல்லாம் மறந்த வகை,
நாட்டிலுள்ள நாக்கையெல்லாம் நானளந்து பதிந்து வைத்தேன்,
வீட்டிலுள்ள நாக்கை மட்டும் விதிக்கு வெளியே விட்டு வைத்தேன்!

உடனே கோரஸ் எடுக்கவேண்டும்: “விதிக்கு வெளியே விட்டு வைத்தார்! விதிக்கு வெளியே விட்டு வைத்தார்!” இரண்டு தரம். கோரஸில் பதினான்கு பேர்.

செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஐந்து மாதம் சனிக்கிழமைகளில் ஒத்திகை. கோரஸை அவர் பழக்கிய விதம் இன்னும் காதில் இருக்கிறது. “கோரஸ் யோசிக்கக் கூடாது. நான் கடைசி அடியைப் பாடினால் நீங்கள் திருப்பிப் பாடவேணும். என்ன சொல்லெண்டு பார்க்காதேங்கோ. யோசிச்சால் தாளம் போயிடும்.” ஒத்திகை நடுவில் தேநீர்ப் பட்டியல், பஸ் இலக்கம், யாரோ ஒருவருடைய இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் என்று எதையாவது அந்த மெட்டில் பாடுவார். கோரஸ் அதையும் யோசிக்காமல் இரண்டு தரம் பாடும். பழகிவிட்டார்கள்.

பதிவாளர் வேடம் அவருக்கேதான். இரண்டாவது ஒத்திகையிலேயே கவனித்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது, பேனா மூடியைத் திறந்து மூடி ஓசை எழுப்புவது, ஒரு தாளை வாசிக்குமுன் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது. எல்லாம் நான். மண்டபத்தில் இருந்தவர்கள் மேடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பேனாவைச் சட்டைப் பையில் வைத்தேன். “ஐசே செயலாளர், உமக்குச் சிரிப்பு வராதோ? இல்லாட்டி அதுக்கும் விண்ணப்பம் போடவேணுமோ?” என்றார் மேடையிலிருந்து. அந்த வாரம்தான் பதினான்காம் பிரிவை எழுதினேன். நிர்வாகக் குழுவில் ஒருமனதாக நிறைவேறியது. அவரும் கை உயர்த்தினார்.

கோரஸில் உண்மையில் பாடத் தெரிந்தவள் ஒருத்திதான். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை, ஞாயிறு பூசையில் பாட்டுக்குழு. அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பதின்மூன்று பேரும் தொடர்வார்கள். மகளோடு அகதியாக வந்து, ஊரில் நின்றுபோன கணவனுக்கு ஸ்பொன்சர் போட்டு நாலு வருடம் காத்திருந்தவள். அவன் வந்தான். வந்த பதினோராம் நாள் ரொறன்ரோவுக்குப் பஸ் ஏறியவன் திரும்பவில்லை. அங்கே அவனுக்காக வேறு ஒரு வீடு காத்திருந்தது. இது எங்களில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்களிடம் இருக்கும் நல்ல பழக்கங்கள் ஓரிரண்டில் அது ஒன்று.

மேடையேற்றம் ஒரு ஞாயிறு பிற்பகல். புகை இயந்திரம் பாவிக்க மண்டப ஒப்பந்தத்தில் இடமில்லை. ஆகவே மூடுபனிக்காக மேடையின் இரண்டு பக்கமும் மும்மூன்று ரைஸ் குக்கர்களைத் திறந்து வைத்திருந்தார்கள். வெறும் தண்ணீர் வைத்தால் போதும் என்று சொல்லியும் கேளாமல் யாரோ ஒரு பெண் அரிசியும் போட்டுவிட்டாள், வீணாகக் கூடாதென்று. காதல் காட்சி முழுவதும் சோறு வெந்த மணம். சனங்களுக்குப் பசி வந்துவிட்டது. இருந்தாலும் மண்டபம் நிறைந்திருந்தது, நாடகம் பிடித்துக்கொண்டது.

இந்த வகை நாடகங்களில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் அங்கத்தில் பதிவாளர் பாட்டு திரும்ப வரும். சனங்கள் கைதட்டி இன்னொருமுறை கேட்டால், மூலத்தில் இல்லாத, உள்ளூர் விஷயம் வைத்த புதுச் சரணம் ஒன்று பாடவேண்டும். திருத்த வேலை என்று மொன்றியல் வீதிகளில் வருடம் முழுக்க நிற்கும் செம்மஞ்சள் கூம்புகளைப் பற்றி ஒரு சரணம் தயாராக இருந்தது. முறைப்படி என்னிடம் வந்து ஒப்பமும் பெற்றிருந்தது. அதைப் பாடினார். மண்டபம் அதிர்ந்தது. இன்னும் ஒன்று என்றார்கள். சட்டைக்குள்ளிருந்து வேறொரு தாளை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டார்.

அந்தச் சரணத்தை இங்கே எழுத மாட்டேன். நாலு வருடக் காகிதம், விமான நிலையத்தில் பூங்கொத்து என்று எதுகை தவறாமல் போனது. பெயர் இல்லை. பெயர் எதற்கு? கடைசி அடியை மட்டும் எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைக் கோரஸ் பாடியது.

“பதினொரு நாள் பார்த்துவிட்டுப் பஸ் பிடித்துப் போய்விட்டான்!”

அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். வழக்கம்போல, தாளம் பிசகாமல், நல்ல கனத்த குரலில். பதின்மூன்று பேரும் தொடர்ந்தார்கள். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாம் தரம் பாடும்போது பாதியில் அவள் குரல் நின்றது. மற்றவர்கள் முடித்தார்கள். பழக்கியபடி உயர்த்திய வலது கை உயர்த்தியபடியே இருந்தது. குக்கர் ஆவி அவளுக்கு முன்னால் எழும்பிக்கொண்டிருந்தது. நாடகத்தை விட்டு அவள் போகவில்லை. கடைசிப் பாட்டுவரை தன் இடத்திலேயே நின்றாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

முடிந்தபின் மண்டபத்துச் சமையலறையில் டிரெக்டர் மீன் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் தன் சப்பாத்தை எடுக்க வந்தாள். “என்ன தங்கச்சி, கோவமே? பகிடியல்லோ. மூடுபனிக்குள்ள சொன்னது செல்லாது” என்றார் வாய் நிறைய வைத்துக்கொண்டு. உதட்டில் ரோல் தூள். அவள் குனிந்து சப்பாத்தின் கயிற்றைக் கட்டினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரோ கைபேசியில் எடுத்த வீடியோ இரண்டு நாளில் ரொறன்ரோ போய், அங்கிருந்து சுற்றி அவளுடைய மகளின் கைபேசிக்கு வந்தது. மகளுக்கு அப்போது பதினான்கு. வீட்டில் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். அன்றும் பிரெஞ்சில்தான் கேட்டாளாம்: நீங்களும் பாடினீங்கள்தானே? அப்பாவை வைத்து, எல்லோரோடும் சேர்ந்து? தாய் சொன்ன எதையும் நம்பவில்லை. ஒத்திகை பார்க்காமல் யாராவது மேடையில் பாடுவார்களா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு தாயோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

பத்து நாள் கழித்து தாய் என்னிடம் வந்தாள். முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பியே கொண்டுவந்திருந்தாள்.

“எனக்கு மன்னிப்பு வேண்டாம் அண்ணை. அந்தாள் கேட்டாலும் பகிடிக்குத்தான் கேட்கும். அந்தப் பாட்டு எனக்கு முதல் தெரியாது எண்டு எழுத்தில ஒரு துண்டு வேணும். எழுத்தில இருந்தால்தான் மகள் நம்புவாள். அது காணும்.”

முறைப்பாடுகள் பற்றிய பிரிவையும் நான்தான் எழுதினேன். எதிர்த்தரப்பு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். கிடைத்த பதில், இணைப்புகள் உட்பட, ஏழு நாளுக்குள் முறைப்பாட்டாளருக்கு அனுப்பப்படவேண்டும். அன்றே டிரெக்டருக்குக் கடிதம் போட்டேன். அந்தச் சரணம் எப்போது எழுதப்பட்டது, கோரஸுக்கு எப்போது காட்டப்பட்டது என்று இரண்டே கேள்வி. முப்பதாம் நாள் நினைவூட்டல். அறுபதாம் நாள் பதிவுத் தபால். பதில் இல்லை. ஒருநாள் மெட்ரோவில் எதிரே வந்து உட்கார்ந்தார். “உம்மட கடிதங்கள் வடிவாய் இருக்குது ஐசே. எதுகை மட்டும் காணாது” என்றார். அடுத்த நிலையத்தில் இறங்கிப் போனார்.

பிறகு சங்கம் கலைந்தது. சங்கங்கள் கலைவதற்கு இங்கே காரணம் தேவையில்லை. அவர் இதயத்தில் ஏதோ அடைப்பென்று நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் மகன் வீட்டோடு போய்விட்டார். நான் விடவில்லை. வருடத்துக்கு ஒரு நினைவூட்டல், அதே கோப்பு இலக்கம், அதே இரண்டு கேள்வி. தேவாலய வாசலிலோ மரக்கறிக் கடையிலோ அவளைக் காணும்போதெல்லாம் கேட்பாள்.

“பதில் ஏதும் வந்ததோ அண்ணை?”

“இல்லைப் பிள்ளை. நினைவூட்டல் போட்டிருக்கிறன்.”

தலையை ஆட்டிவிட்டுப் போவாள். போன கோடையில் கண்டபோது, மகள் வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறாள், ஜனவரியிலிருந்து அங்கே அறை எடுத்துவிட்டாள் என்றாள். போகமுன் அந்தத் துண்டு கிடைத்தால் நல்லது என்றாள். குரலில் கோபம் இல்லை. டிரெக்டரை நினைத்து எனக்குத்தான் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. எழுத்தில் ஒரு வரி கொடுக்க முடியாத மனிதன் எப்படிப்பட்டவன் என்று அன்று நாலு பக்கத்தில் அவருக்கு எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய மிக நல்ல கடிதம்.

அதற்குப் பதில் வந்தது. கர்க்லாண்ட் முத்திரை, நடுங்கிய கையெழுத்து. உள்ளே ஒரு சிறு குறிப்பு:

“ஐசே, அந்தப் பிள்ளைக்கு முதல் தெரியாது. கோரஸில ஒருத்தருக்கும் தெரியாது. உமக்குத் தெரியும்.”

பகிடி என்ற சொல்லை அந்தக் குறிப்பு முழுவதும் தேடினேன். இல்லை.

கூடவே மடித்து வைத்த ஒரு தாள். அந்தச் சரணம். இடது மேல் மூலையில் மஞ்சள் வட்டம். வலது மேல் மூலையில் நீல மையில் என் சுருக்கொப்பம். அதன் கீழே, விதிப்படி, என் கையெழுத்தில் நேரம்: இடைவேளை, 4.40.

மேடையேற்றத்தன்று இடைவேளையில் அவர் கொண்டுவந்து நீட்டினார். வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தேன். முழுதாக வாசித்தேன். என்னைப் பற்றியதாக இருக்குமோ என்றுதான் முதலில் தேடினேன். ஐந்து மாதமாக ஒவ்வொரு தாளிலும் அதைத்தான் தேடினேன். என்னைப் பற்றியது இல்லை. அந்த நிம்மதியில் சிரித்தேன். அவர் முகத்துக்கு நேரே, வாய்விட்டு. “அப்பாடா, செயலாளருக்கும் சிரிப்பு வரும்” என்றார் அவர். பேனாவை எடுத்து ஒப்பம் வைத்தேன்.

இத்தனை வருடமும் அவள் கேட்ட துண்டை நானே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு வரி. இடைவேளையில் வந்த தாள், எனக்குத் தெரியும், என்று. அதற்குப் பதிலாக நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தாளைப் பிரதி எடுக்க டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குக் கொண்டுபோனேன். இயந்திரத்தின் கண்ணாடியில் வைக்கும்போது வலது மூலையை மடித்துப் பார்த்தேன். ஒப்பம் மறைந்தது. நேரமும் மறைந்தது. கோரஸுக்குத் தெரிந்திருக்க முடியாது என்று அவளுடைய மகள் நம்பப்போவது அந்த நேரத்தைப் பார்த்துத்தான். மடிப்பை நிமிர்த்தி, விரலால் அழுத்தித் தேய்த்து, மூடியை இறக்கினேன்.

வீட்டுக்கு வந்து உறையில் அவளுடைய முகவரியை எழுதினேன். குறிப்பின் பிரதி, தாளின் பிரதி, இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு. பிறகு கோப்பில் சேர்க்குமுன் மூலக் கடிதத்தின் தலையில், என் வழக்கப்படி, ஏழு நாள் கெடு எண்ணத் தொடங்கும் கிடைத்த திகதியைக் குறித்தேன்: நவம்பர் மூன்று, திங்கட்கிழமை.